ரகசிய எண் ரகசியமாகவே இருக்க: முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தாமே இயக்கத்தக்க இயந்திரங்கள்

‘உங்கள் ரகசிய எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள்’ என்ற எச்சரிக்கையை நாம் ஏ.டி.எம். அறையின் சுவரில் காண்கிறோம். கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியில் படிக்கிறோம். இந்த இதழின் பக்கங்களிலும் பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம். ஆயினும், அதைக் கடைப்பிடிக்க மனமிருந்தும் வழியில்லாத வாடிக்கையாளர்கள் நம்மிடையே இருக்கின்றனர். திரையில் உள்ள எழுத்துகளைப் படிக்க இயலாத முதியவரும், பார்வையற்றவரும், சக்கர நாற்காலியில் இருந்தபடி பொத்தான்களை எட்ட இயலாதவரும் தம் அட்டையையும் எண்ணையும் இன்னொருவரிடம் ஒப்படைத்த பின்னரே தம் பணத்தைப் பெற முடிகிறது.

ஆகவே, எல்லோரும் இயக்கத்தக்க இயந்திரம் என்பதைக் கருணை சார்ந்த ஏற்பாடாக மட்டும் கருதுவது போதாது. அது வாடிக்கையாளரின் பணப் பாதுகாப்பைச் சார்ந்தது. இந்தப் பாடத்தில் அதன் வரலாறு, விதிகள், நடைமுறை, மாற்று வழிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ரங்கத்தில் ஒரு காலைப் பொழுது

மத்திய அந்தமான் தீவில் உள்ள சிற்றூர் ரங்கத். தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட நகரிலிருந்து, அந்தமான் நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அந்தச் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டைக் கடந்து செல்வதால், ஜிர்க்காட்டாங்கிலிருந்து குறித்த நேரங்களில் மட்டும் வாகனங்கள் அணியாகப் புறப்பட அனுமதிக்கப்படுகின்றன. பாராடாங் தீவை அடையுமுன் நீரிணை ஒன்றை வாகனப் படகில் கடக்க வேண்டும். ‘இந்த இயந்திரம் எனக்குப் பயன்படவில்லை; வேறோர் இயந்திரத்தைத் தேடிப் போகிறேன்’ என்று சென்னையில் ஒருவர் சொல்லக்கூடும். ரங்கத்தில் வாழ்பவருக்கு அது எளிதன்று.

இங்கே தமிழர், வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்தோர் எனப் பலரும் கலந்து வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இவர்களுள் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மாத ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதியோரும் உண்டு.

அவ்வாறான ஓய்வூதியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் இந்தப் பாடத்துக்காக நாம் கற்பனை செய்தவர். எனினும் அவர் நிலையில் உள்ளோரை எல்லாக் கிளைகளிலும் காணலாம். வயது 72. கண்ணில் புரை, விரல்களில் நடுக்கம். மாதத்தின் முதல் வாரத்தில் பக்கத்து வீட்டு இளைஞனை அழைத்துக்கொண்டு ஏ.டி.எம். அறைக்குச் செல்வார். அட்டையைச் செருகுபவனும் எண்ணை அழுத்துபவனும் அந்த இளைஞனே. அவன் நல்லவன், ஒரு ரூபாயும் குறைந்ததில்லை. ஒரு மாதம் அவன் ஊரில் இல்லை. முதியவர் தனியே செல்கிறார். திரையில் வெயில் பட்டு எழுத்து தெரியவில்லை. வரிசையில் நின்ற ஒருவர், ‘நான் எடுத்துத் தரட்டுமா, தாத்தா?’ என்று அன்போடு கேட்கிறார். முதியவர் அட்டையைத் தந்து எண்ணையும் சொல்கிறார். பணம் வருகிறது, அட்டையும் திரும்பி வருகிறது. ஆனால் வந்தது அதே நிறத்திலுள்ள வேறோர் அட்டை. மறுநாள் அவருடைய கணக்கு வெறுமையாகிறது.

அட்டையை மாற்றித் தரும் இவ்வகை மோசடி நாடெங்கும் நடப்பது. இதில் இழப்பை யார் ஏற்பது? 2017ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு விடை தருகிறது. வங்கியின் மீதோ வாடிக்கையாளரின் மீதோ தவறின்றி, அமைப்பின் வேறோரிடத்தில் நேர்ந்த குறையால் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் வாடிக்கையாளர் தெரிவித்தால், அவருக்கு இழப்பு இல்லை. ஆனால் ரகசிய எண்ணைப் பிறரிடம் தெரிவித்தமை போன்ற அவரது கவனக்குறைவால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவரையே சேரும்.

விதி தெளிவானது; அதன் நோக்கமும் சரியானது. ஆனால் எண்ணைச் சொன்னாலன்றிப் பணம் எடுக்க இயலாத நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, எண்ணைச் சொன்னது அவரது கவனக்குறைவு என்று கூறுவது எவ்வளவு நியாயம்? நம் பாடத்தின் மையக் கேள்வி இதுவே.

இயந்திரம் மனிதருக்கேற்ப மாறிய வரலாறு

உலகின் முதல் பணம் வழங்கும் இயந்திரம் 1967ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் லண்டனின் வடபகுதியான என்ஃபீல்டில், பார்க்ளேஸ் வங்கியின் கிளையொன்றில் திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவராகப் போற்றப்படும் ஜான் ஷெப்பர்ட் பேரன் நம் நாட்டின் ஷில்லாங் நகரில் பிறந்தவர். ரகசிய எண்ணை ஆறு இலக்கங்களாக வைக்கவே அவர் முதலில் எண்ணினார். தம் மனைவியால் நான்கு இலக்கங்களையே நினைவில் கொள்ள முடிந்தது என்பதால் அதை நான்காகக் குறைத்ததாகப் பின்னாளில் அவரே கூறினார். நம் கையிலுள்ள நான்கு இலக்க எண்ணின் பின்னணி இது. இயந்திரத்தின் முதல் வடிவமே ஒரு மனிதரின் நினைவாற்றலுக்கு இணங்க அமைந்தது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

இந்தியாவில் முதல் ஏ.டி.எம். 1987ஆம் ஆண்டு மும்பையில் அமைந்தது. பார்வையற்றோருக்கான பேசும் இயந்திரம் வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. கனடாவில் கிறிஸ் ஸ்டார்க், மேரி ஸ்டார்க் என்னும் பார்வையற்ற வாடிக்கையாளர் இருவர் 1984ஆம் ஆண்டிலேயே தம் வங்கியிடம் இவ்வேண்டுகோளை வைத்தனர். 13 ஆண்டுகள் கழித்து, 1997ஆம் ஆண்டு அக்டோபரில், ஒட்டாவா நகரில் முதல் பேசும் ஏ.டி.எம். நிறுவப்பட்டது. நம் நாட்டின் முதல் பேசும் ஏ.டி.எம். 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் அகமதாபாத்தில், பார்வையற்றோர் சங்க வளாகத்தில், யூனியன் பேங்க் ஆஃப் இந்தியாவால் தொடங்கப்பட்டது.

இவ்வரலாற்றில் ஒன்று விளங்கும். பேசும் வசதி வங்கிகளுக்குத் தாமாகவே தோன்றிய எண்ணமன்று. வாடிக்கையாளர்கள் கேட்டனர், கேட்டுக்கொண்டே இருந்தனர், அதன் பின்னரே வந்தது.

விதிகள் என்ன சொல்கின்றன?

இந்திய ரிசர்வ் வங்கி 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் அடிப்படைக் கருத்தைத் தெளிவுபடுத்தியது. பார்வையற்றோர் சட்டப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி உடையவர்கள். ஆதலால் காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, பாதுகாப்புப் பெட்டகம் முதலிய எந்த வசதியையும் அவர்களுக்கு மறுக்கலாகாது.

2009ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த அறிவுறுத்தல் இயந்திரத்தைப் பற்றியது. புதிதாக நிறுவும் ஏ.டி.எம்.களில் மூன்றில் ஒரு பங்கேனும் பிரெய்ல் விசைப்பலகையுடன் கூடிய பேசும் இயந்திரங்களாக இருக்க வேண்டும். வங்கிகள் தமக்குள் கலந்து பேசி, ஒவ்வொரு பகுதியிலும் அத்தகைய இயந்திரம் ஒன்றேனும் கிடைக்குமாறு செய்ய வேண்டும். சக்கர நாற்காலியில் வருவோருக்காகச் சாய்தளம் அமைக்க வேண்டும். இயந்திரத்தின் உயரம் அவர்களுக்குத் தடையாக இருக்கலாகாது.

2014ஆம் ஆண்டு மே மாதம் இவ்விதி மேலும் வலுப்பெற்றது. அவ்வாண்டு ஜூலை 1 முதல் நிறுவப்படும் எல்லாப் புதிய ஏ.டி.எம்.களும் பேசும் இயந்திரங்களாக இருக்க வேண்டும் எனவும், பழைய இயந்திரங்களை மாற்றத் திட்டம் வகுக்க வேண்டும் எனவும் ஆணை பிறந்தது. பார்வைக் குறைபாடு உடையோருக்காக எல்லாக் கிளைகளிலும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருக்க வேண்டும், அது இருப்பதை அறிவிப்புப் பலகையில் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே அறிவுறுத்தலில் அடங்கும். உங்கள் கிளையில் கேட்டுப் பாருங்கள். அது உங்களுக்காக வைக்கப்பட்ட பொருள்.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொது இடங்களும் சேவைகளும் அனைவரும் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என வகுத்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதை மேலும் விரிவாக்கியது. அமில வீச்சால் பாதிக்கப்பட்டோரும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறு எனத் தீர்ப்பளித்தது. கேமராவின் முன் கண் சிமிட்ட வேண்டும் என்னும் நிபந்தனையால் கணக்கு தொடங்க இயலாமற்போனவர்களின் வழக்கு அது.

தடைகள் நான்கு

விதிகள் இருந்தும் இடர்ப்பாடு நீங்காமைக்குக் காரணம் என்ன? ஓர் ஏ.டி.எம். அறைக்குச் செல்லும் வழியைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்தால், நான்கு இடங்களில் தடை இருப்பதைக் காணலாம்.

முதலாவது, அணுகும் தடை. அறை வாசலில் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படி இருந்தால், சக்கர நாற்காலி அங்கேயே நின்றுவிடும். சாய்தளம் 1:12 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. அதாவது 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 180 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் அது பெயரளவிலேயே சாய்தளம். அந்தமான் போன்று ஆண்டில் பல மாதங்கள் மழை பெய்யும் இடத்தில், அதன் தரை வழுக்காததாகவும் கைப்பிடி உடையதாகவும் இருப்பது இன்றியமையாதது. நன்கு கட்டிய சாய்தளத்தின் குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் நிறுத்தப்பட்டிருந்தால், கட்டியதன் பயனே கெடும்.

இரண்டாவது, காணும் தடை. வயது ஏற ஏற, சிறிய எழுத்தும் மங்கிய நிறவேறுபாடும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வாசலை நோக்கிய திரையில் வெயில் பட்டால் நல்ல பார்வை உடையவரே திணறுவார். பிரெய்ல் எழுத்து இருப்பதால் மட்டும் இத்தடை நீங்கிவிடாது. முதுமையில் பார்வை இழந்தவர்களில் பெரும்பாலோர் பிரெய்ல் கற்றவர்கள் அல்லர். அவர்களுக்குத் துணை செய்வது குரலே. அந்தக் குரல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் ஒலித்தால், ரங்கத்தில் தமிழ் மட்டுமே அறிந்த ஒரு மூதாட்டிக்கு அந்த இயந்திரம் ஊமையே.

மூன்றாவது, இயக்கும் தடை. பொத்தான்கள் உயரத்தில் இருந்தால் அமர்ந்திருப்பவரின் கை எட்டாது. அமெரிக்க விதிகள் இதற்கு 48 அங்குலம் என்று மேல் எல்லை வகுத்துள்ளன. அண்மைக்காலத்தில் பொத்தான்களுக்குப் பதிலாகத் தொடுதிரைகள் பெருகிவருகின்றன. வழுவழுப்பான கண்ணாடியில் விரலுக்கு எந்த அடையாளமும் இல்லை. நடுங்கும் விரல் பக்கத்து எண்ணைத் தொட்டுவிடுகிறது. கடைகளில் அட்டையைத் தேய்க்கும் சிறு கருவிகளிலும் தொடுதிரை வந்துவிட்டதால், பார்வையற்றவர் தம் எண்ணைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லும் நிலை ஏற்படுகிறது. பாஸ்புக் அச்சிடும் இயந்திரமும் இவ்வாறே. புத்தகத்தைச் சரியான பக்கத்தில் விரித்து, பட்டைக்குறி சரியான திசையில் இருக்குமாறு நுழைக்க வேண்டும் என்பதைக் குரலில் சொல்லாத இயந்திரம் பலருக்குப் பயன்படாது.

நான்காவது, நேரத் தடை. குறித்த நொடிகளுக்குள் பொத்தானை அழுத்தாவிட்டால் இயந்திரம் பரிவர்த்தனையை முடித்துக்கொள்கிறது. மெதுவாகப் படிப்பவரும் மெதுவாக அழுத்துபவரும் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். பின்னால் வரிசையில் நிற்போரின் முணுமுணுப்பு அவர்களை மேலும் பதற்றமடையச் செய்கிறது. அந்தப் பதற்றமே, ‘நான் எடுத்துத் தரட்டுமா?’ என்று கேட்பவரிடம் அட்டையைக் கொடுக்கச் செய்வது.

ரங்கத்தைப் பொறுத்தவரை ஐந்தாவதாக ஒரு தடையும் முன்பு இருந்தது. செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்த தீவுகளில் தொடர்பு அடிக்கடி தடைப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள், சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கம்பிவடம் தொடங்கிவைக்கப்பட்டது. தீவுகளுக்கிடையிலான கிளைகளையும் சேர்த்து அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அது கரையேறும் இடங்களுள் ரங்கத்தும் ஒன்று. கடலைக் கடந்து இத்தனை தொலைவு வந்துவிட்ட வசதி, வாடிக்கையாளரின் விரலுக்கும் பொத்தானுக்கும் இடையே நின்றுவிடலாகாது.

பேசும் ஏ.டி.எம்.மைப் பயன்படுத்தும் முறை

பேசும் வசதி உள்ள இயந்திரத்தின் முன் நின்றும், அவ்வசதி இருப்பதையே அறியாதவர் பலர். பார்வை உடையோரும் இம்முறையைக் கற்றுத் தம் வீட்டு முதியோருக்குக் கற்பிக்கலாம்.

1. கைப்பேசியில் பாட்டு கேட்கப் பயன்படுத்தும், வயருடன் கூடிய சாதாரண இயர்போன் ஒன்றை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். வயரில்லாதது இங்கே பயன்படாது.

2. இயந்திரத்தின் முகப்பில் இயர்போனைச் செருகுவதற்கான சிறு துளை இருக்கும். அதனருகே இயர்போன் படம் பொறிக்கப்பட்டிருக்கும். செருகியவுடன் குரல் வழிகாட்டுதல் தொடங்கும். அது உங்கள் காதுக்கு மட்டுமே கேட்கும்.

3. மொழியைத் தேர்ந்தெடுக்குமாறு குரல் கேட்கும். தமிழ் இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள்; இல்லையெனில் கிளைக்குத் தெரிவியுங்கள்.

4. அட்டையைச் செருகும் திசையை விரலால் அறியலாம். உலோகச் சிப்பு விரலுக்குத் தட்டுப்படும். அது மேல்பக்கமாகவும், இயந்திரத்துக்குள் முதலில் நுழையும் முனையிலும் இருக்க வேண்டும்.

5. எண் பலகையின் நடுவில் உள்ள 5 என்ற பொத்தானில் சிறு புள்ளி ஒன்று புடைத்திருக்கும். அதற்கு மேல் வரிசையில் 1, 2, 3. கீழ் வரிசையில் 7, 8, 9. அதற்கும் கீழே நடுவில் 0. புள்ளியைத் தொட்டுவிட்டால் மற்ற எண்கள் எல்லாம் கைக்குள் வந்துவிடும். பெரும்பாலான இயந்திரங்களில் ரத்து செய்யும் சிவப்புப் பொத்தானில் பெருக்கல் குறியும், உறுதி செய்யும் பச்சைப் பொத்தானில் வட்டமும் புடைத்திருக்கும்.

6. திரையை மறைக்கும் வசதி இருந்தால் குரல் அதைத் தெரிவிக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் திரை இருண்டுவிடும். பின்னால் நிற்பவர் உங்கள் கணக்கு இருப்பைப் பார்க்க இயலாது.

7. எண்ணை அழுத்தும்போது மற்றொரு கையால் மூடிக்கொள்ளுங்கள். பணம், அட்டை, ரசீது மூன்றையும் எடுத்த பின்னரே இயர்போனைக் கழற்றுங்கள்.

பெற்ற தாள்களை விரலால் அடையாளம் காணவும் வழி உண்டு. இப்போது புழக்கத்தில் உள்ள புதிய வரிசைத் தாள்களில், 100 ரூபாய்த் தாளில் முக்கோணமும் இரு ஓரங்களிலும் நான்கு சாய்கோடுகளும் புடைத்திருக்கும். 200 ரூபாய்த் தாளில் ‘எச்’ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவமும், நான்கு கோடுகளுக்கிடையே இரண்டு வட்டங்களும் இருக்கும். 500 ரூபாய்த் தாளில் வட்டமும் ஐந்து கோடுகளும் இருக்கும். தாள் பழையதாகிப் புடைப்பு தேய்ந்திருந்தால், ரிசர்வ் வங்கி 2020ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் வெளியிட்ட ‘மணி’ என்னும் கைப்பேசிச் செயலி, கேமராவின் முன் காட்டிய தாளின் மதிப்பைக் குரலில் சொல்லும். பதிவிறக்கிய பின் அதற்கு இணைய இணைப்பு தேவையில்லை.

கணக்கில் பணம் கழிக்கப்பட்டு இயந்திரத்திலிருந்து பணம் வராமற்போனால் பதற வேண்டா. ஐந்து நாள்களுக்குள் அத்தொகை தானாகவே கணக்கில் திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ரிசர்வ் வங்கி வகுத்த விதி இது.

இயந்திரம் உதவாதபோது

எல்லா உடல்நிலைக்கும் ஒரே இயந்திரம் பொருந்தாது. அந்நிலையில் ரகசிய எண்ணைப் பிறரிடம் கொடுக்காமலேயே பணம் பெறும் வழிகள் சில உள்ளன.

70 வயதுக்கு மேற்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், நீண்டகால நோயால் நலிந்தோர் ஆகியோருக்கு வீட்டு வாசலிலேயே வங்கிச் சேவை வழங்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு நவம்பரில் அறிவுறுத்தியது. பணம் கொண்டுவந்து தருதல், பணத்தையும் காசோலையையும் ரசீது கொடுத்துப் பெற்றுக்கொள்ளுதல், ஆவணங்களையும் வாழ்நாள் சான்றிதழையும் பெறுதல் ஆகியவை அதில் அடங்கும். உங்கள் பகுதியில் இச்சேவை எந்த நாளில், என்ன கட்டணத்தில் கிடைக்கும் என்பதைக் கிளை மேலாளரிடம் கேட்டறியுங்கள்.

கையொப்பமிட இயலாதவர் விரல் ரேகை வைத்துப் பணம் பெறலாம். கையால் இயலாதெனில் கால்விரல் ரேகையும் ஏற்கப்படும். வங்கிக்கு அறிமுகமான இரண்டு சாட்சிகள் அதை அடையாளம் காட்ட வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். நம்பிக்கைக்குரிய மகனோ மகளோ கணக்கை நடத்த வேண்டுமெனில், கூட்டுக் கணக்காக மாற்றலாம். அல்லது எழுத்து மூலம் அதிகாரம் வழங்கலாம். அட்டையைக் கொடுத்தனுப்புவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இங்கே யார் எடுத்தார் என்பது பதிவேட்டில் நிற்கும். அதிகாரத்தைத் திரும்பப் பெறவும் முடியும்.

வங்கியின் முகவரிடம் ஆதார் விரல் ரேகை வழியாகப் பணம் எடுப்போர், உழைப்பாலும் முதுமையாலும் ரேகை தேய்ந்து இடர்ப்படுவதுண்டு. ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றிதழுக்கேனும் இதற்குத் தீர்வு வந்துள்ளது. 2021ஆம் ஆண்டு நவம்பர் முதல் முகத்தை அடையாளம் காணும் முறையில், வீட்டிலிருந்தபடியே கைப்பேசி மூலம் அதை அளிக்கலாம். 80 வயது நிறைந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பர் வரை காத்திராமல் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். பொத்தான் உள்ள சாதாரணக் கைப்பேசி வைத்திருப்போர், 2022ஆம் ஆண்டு மார்ச்சில் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. 123 பே வழியாக, இணையமின்றி அழைப்பு மூலமே பணம் அனுப்பலாம்.

உடன் நிற்போர் கடமை

வரிசையில் நிற்கும் நாமும் இந்த ஏற்பாட்டின் ஓர் உறுப்பே. முதியவர் ஒருவர் இயந்திரத்தின் முன் திணறினால், அவர் அட்டையை வாங்காதீர்கள். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பொத்தான் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். எண்ணை அழுத்தும் நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அவர் தாமே எண்ணைச் சொல்ல முற்பட்டாலும், ‘வேண்டாம் ஐயா, நீங்களே அழுத்துங்கள், நான் காத்திருக்கிறேன்’ என்று கூறுங்கள். நேர்மையான மனிதர் ஒருவரிடம் எண்ணைச் சொல்லிப் பழகியவர்தாம் மற்றொரு நாள் நேர்மையற்றவரிடமும் சொல்கிறார். நம் கற்பனை முதியவர் ஏமாந்ததற்கு, அந்த நல்ல இளைஞனோடு பழகிய வழக்கமும் ஒரு காரணம்.

குறை கண்டால் எழுத்து மூலம் தெரிவியுங்கள். ‘ஏ.டி.எம். சரியில்லை’ என்று பொதுவாக எழுதுவதைவிட, ‘இயர்போன் செருகினால் குரல் வரவில்லை’, ‘சாய்தளத்தில் கைப்பிடி இல்லை’, ‘தமிழ்க் குரல் இல்லை’ என்று இயந்திரத்தின் எண்ணையும் நாளையும் குறித்து எழுதுங்கள். 30 நாள்களுக்குள் வங்கியிடமிருந்து விடை வராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வாடிக்கையாளரின் கடிதம் எங்களுக்கு இடையூறன்று. ஒட்டாவா நகரின் பேசும் இயந்திரம் இரண்டு வாடிக்கையாளரின் வேண்டுகோளில்தான் தொடங்கியது.

பயிற்சி

கீழ்க்காணும் வினாக்களுக்கு, அடுத்த முறை நீங்கள் வழக்கமாகச் செல்லும் ஏ.டி.எம். அறைக்குச் செல்லும்போது விடை காணுங்கள்.

1. வாசலில் படி உள்ளதா? சாய்தளம் இருந்தால், அதன் நீளம் உயரத்தைப்போல் 12 மடங்கு இருக்கிறதா? அதன் குறுக்கே ஏதேனும் நிறுத்தப்பட்டுள்ளதா?

2. இயர்போன் துளை எங்கே உள்ளது? செருகினால் குரல் கேட்கிறதா? எந்தெந்த மொழிகளில்?

3. கண்களை மூடிக்கொண்டு 5 என்ற பொத்தானை விரலால் கண்டறிய முடிகிறதா?

4. நாற்காலியில் அமர்ந்தவரின் கை மேல் வரிசைப் பொத்தானை எட்டுமா?

5. உங்கள் வீட்டு முதியவர், ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல், இங்கே தம் பணத்தைத் தாமே எடுக்க இயலுமா?

ஐந்தாம் வினாவுக்கு ‘இயலாது’ என்பது விடையானால், முதல் நான்கு வினாக்களுக்கான விடைகளையும் சேர்த்துக் கடிதமாக எழுதி உங்கள் கிளை மேலாளரிடம் கொடுங்கள். ரகசிய எண்ணைக் காக்குமாறு உங்களிடம் கேட்கும் நாங்கள், அதற்கு வழி செய்து தரவும் கடமைப்பட்டவர்கள்.